ஆட்டுப்பட்டிக்குள் போன அத்தர்

அந்தத் தபால் அட்டை வந்திருக்காவிட்டால் நான் உடுமலைப்பேட்டைப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன். கோயமுத்தூர் கோட்டைமேட்டில் பிறந்து வளர்ந்தவன் நான். பொள்ளாச்சியைத் தாண்டினால் எனக்கு அது வெளிநாடு. ஊர் சுற்றுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல் வரும். வீட்டில் சோறு இல்லையா, கட்டில் இல்லையா என்று கேட்பேன்.

அட்டையில் இருந்தது இவ்வளவுதான். 'பாய் அவர்களுக்கு செல்லமுத்து எழுதிக்கொண்டது. இங்கு அனைவரும் நலம். தங்களுக்குப் பெண் குழந்தை பிறந்ததாகக் கேள்விப்பட்டு ரொம்ப சந்தோஷம். சொல்லி வைத்த கெடா தயாராக உள்ளது. அடையாளத்துக்குக் கழுத்தில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன். எப்போது வருகிறீர்கள்? குழந்தைக்கு என்ன பெயர்?'

கடையில் உட்கார்ந்து அதைப் படித்தேன். ஒப்பணக்கார வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் அத்தர், சாம்பிராணி, ஜவ்வாது விற்கும் கடை எனக்கு. செல்லமுத்துக் கவுண்டர் அவர்கள் ஊர்க் கோயிலுக்குச் சாம்பிராணி வாங்க வருவார். அப்படிப் பழகிப் பழகி, வந்தால் டீ குடிக்காமல் போகக் கூடாது என்கிற அளவுக்கு ஆகிவிட்டது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்து என் மனைவி மைமூன் உண்டானபோது, அவர்தான் அடித்துச் சொன்னார், 'கொழந்தைக்கு ஆடு நம்ம பட்டியில இருந்துதானுங்க' என்று. குழந்தை பிறந்த ஏழாம் நாள் முடியிறக்கி, பெயர் வைத்து, ஆடு அறுத்துப் பங்கு வைப்பது எங்கள் வழக்கம்.

எங்கள் குழந்தை ஆறு நாள்தான் இருந்தது.

அந்தச் சேதி அவருக்குப் போய்ச் சேரவில்லை. பிறந்த சேதி போனது, போன சேதி போகவில்லை. பதில் எழுதலாம் என்று ஒரு அட்டை எடுத்து, 'அன்புள்ள செல்லமுத்து அவர்களுக்கு' என்று எழுதினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. இரண்டாவது அட்டையும் அப்படியே. சரி, நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்துவிடுவோம் என்று கடையைச் சாத்தினேன். வீட்டில் எனக்காகக் காத்திருக்கவும் யாரும் இல்லை. மைமூன் போத்தனூரில் அவள் அம்மா வீட்டில் இருந்தாள்.

அதையும் சொல்லிவிடுகிறேன். அடக்கம் முடிந்த மறுநாள் அவளை அழைத்துப் போய்விட்டார்கள். ஒரு வாரம் கழித்து ஆள் விட்டுச் சொல்லியனுப்பினாள், 'பாப்பாவைச் சுத்தி வச்சிருந்த வெள்ளைத் துணி கட்டில்ல கெடக்கு, அதை அப்படியே எடுத்துட்டு வரச் சொல்லுங்க' என்று. போய்ப் பார்த்தேன். பால் கக்கிய கறை, மஞ்சள் மஞ்சளாக. இதை இப்படியே கொண்டுபோய் ஒரு தாய் கையில் கொடுப்பதா? நானே சோப்புப் போட்டுத் துவைத்தேன். இஸ்திரி போட்டேன். என் கடையிலேயே உசத்தியான மல்லிகை அத்தர் இரண்டு சொட்டு வைத்து, மடித்து எடுத்துக்கொண்டு போனேன். அவள் வாங்கினாள். முகத்தருகே கொண்டுபோனாள். அப்புறம் என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று முறை போனேன். மாமியார்தான் டீ கொடுத்தார். ஒரு துணியைத் துவைத்ததற்கா இவ்வளவு? எனக்கும்தானே குழந்தை செத்துப்போயிற்று? உள்ளுக்குள் பொருமிக்கொண்டுதான் நான் பஸ் ஏறினேன்.

மார்கழி மாதம். பொள்ளாச்சி வரைக்கும் சன்னலோரம் உட்கார்ந்து நடுங்கினேன். கோயமுத்தூர்க்காரனுக்குக் குளிர் புதிதில்லை, ஆனால் எங்கள் குளிர் சந்துக்குள் பதவிசாக வரும். இங்கே பாலக்காட்டுக் கணவாயே வாயைத் திறந்து ஊதுகிறது. உடுமலையில் இறங்கி ஒரு டீயும் இரண்டு பன்னும் சாப்பிட்டேன். டீயில் சர்க்கரை கொட்டிக் கிடந்தது. கேட்டால், 'குளுருக்கு நல்லதுங்க' என்றார் கடைக்காரர். குளிருக்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தமோ.

அங்கிருந்து டவுன் பஸ். தேங்காய் மூட்டைகளுக்கு நடுவே கால் வைக்க இடமில்லை. எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

"ஏனக்கா, பஸ்ஸுக்குள்ள மல்லிப்பூ மூட்டை ஏத்தியிருக்காங்களா?"

"பூ இல்ல அம்மணி, முன்னாடி பாயி நிக்கறாரு பாரு. அவருதான் மணக்கறாரு."

சிரிப்பு. நானும் திரும்பிச் சிரித்தேன். முப்பது வருஷமாக, காலைத் தொழுகை முடிந்ததும் உள்ளங்கையில் அத்தரைத் தேய்த்து மணிக்கட்டு, கழுத்து, சட்டை எல்லாவற்றிலும் தடவிக்கொள்வேன். அதுதான் என் கடைக்குப் போர்டு. 'பத்துத் தரம் துவைத்தாலும் வாசம் போகாது' என்று சொல்லித்தான் விற்பேன். பொய் இல்லை, நிஜமாகவே போகாது.

பொழுது சாயும்போது போய்ச் சேர்ந்தேன். ஊருக்குள் இல்லை, காட்டுக்குள் தனியாக ஒரு ஓட்டுச் சாளை வீடு. மகளைக் காரமடையில் கட்டிக்கொடுத்துவிட்டு, செல்லமுத்துவும் அவர் மனைவி பழனியம்மாளும் மட்டும் இருக்கிறார்கள். சுற்றி ஐந்து ஏக்கர் புல்காடு. அதைச் சுற்றிக் கிளுவை முள்வேலி. இந்த மாதிரி மேய்ச்சல் காட்டைக் கொறங்காடு என்கிறார்கள். நடுவில் மூங்கில் படலால் அடைத்த பட்டி, அதில் நாற்பது செம்மறிகள். வாசலிலேயே வாசம் அடித்தது. சாணமா, பாலா, ஈரக் கம்பளியா என்று சொல்ல முடியாத வாசம். நான் மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டேன். தொழில் மூக்கு அப்படி.

"வாங்கண்ணா, வாங்க! அம்மணியும் கொழந்தையும் சௌக்கியமுங்களா?" என்றார் பழனியம்மாள், என் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டே.

"இருக்காங்க" என்று வாயில் வந்துவிட்டது.

திருத்தியிருக்கலாம். அதற்குள் செல்லமுத்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பட்டிக்குப் போய்விட்டார். "இதானுங்க உங்க கெடா. பாருங்க, ராசாவாட்டம் நிக்குது!" செம்பட்டை நிறம், கழுத்தில் சிவப்பு நூல். அது என்னைப் பார்த்துவிட்டு, தும்மிவிட்டு, அப்பால் போயிற்று. நான் நூலையே பார்த்துக்கொண்டு நின்றேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பேரம் பேச வந்தவனை முகத்துக்கு நேரே நாலு கேள்வி கேட்கிற ஆள் நான். அன்றைக்கு வாயில் கொழுக்கட்டை.

ராகிக் களியும் கொள்ளுக் கடைசலும் சாப்பாடு. "நம்மூட்டுக் கறி நீங்க தொட மாட்டீங்க, அதானுங்க பருப்புலயே முடிச்சுப்போட்டேன்" என்றார் பழனியம்மாள். களியைக் கடிக்கக் கூடாது, உருட்டி விழுங்க வேண்டும் என்று செல்லமுத்து செய்து காட்டினார். நான் கடித்துத்தான் தின்றேன். கயிற்றுக் கட்டில், இரண்டு கம்பளி. அப்படியும் குளிர் கீழேயிருந்து ஏறியது.

மறுநாள் விடிந்ததும் எதிரே வேலிகூடத் தெரியவில்லை, அவ்வளவு பனி. தொழுதுவிட்டு, வழக்கம்போல அத்தர் பூசிக்கொண்டு வெளியே வந்தேன். ஆடுகளை இன்னும் திறந்துவிடவில்லை. பனி படிந்த புல்லைத் தின்றால் ஆட்டுக்குச் சீக்கு வருமாம். வெயில் வந்து புல் உலரும் வரைக்கும் பட்டிக்குள்ளேயே நிற்க வேண்டும். எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, மூக்கில் புகை விட்டுக்கொண்டு, கத்திக்கொண்டு நின்றன. செல்லமுத்து கிணற்றடிக்குப் போயிருந்தார். பழனியம்மாள் மாட்டில் பால் கறந்துகொண்டிருந்தார்.

மூலையில் ஒரு ஆடு தனியாக நின்றது. காது ரொம்பச் சின்னதாக இருக்கும், மூளி என்று பெயர். அது படுத்தது, எழுந்தது, மறுபடி படுத்தது. ஏதோ முனகியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வழவழவென்று ஒரு குட்டி மண்ணில் விழுந்தது.

நான் என்ன செய்தேன் என்று இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது. படலைத் தாண்டிக் குதித்தேன். குட்டி ஈரத்தில் வெடவெடவென்று நடுங்கியது. ஐயோ, குளிரில் செத்துவிடுமே என்று இரண்டு கையாலும் வாரி எடுத்தேன். என் தோள் துண்டால் முகம், வயிறு, கால் எல்லாம் நன்றாகத் துடைத்தேன். நெஞ்சோடு வைத்து அணைத்துக்கொண்டேன். பெட்டைக்குட்டி. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இருபத்தைந்து நாளில் முதல் சந்தோஷம்.

"அட சாமி! பாயி, தொட்டுப்போட்டீங்களா?" செல்லமுத்து குடத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். "கீழ உடுங்க, கீழ உடுங்க!"

விட்டேன். மூளி வந்தது. குட்டியின் முதுகை முகர்ந்தது. தலையை உதறிக்கொண்டு பின்னால் போயிற்று. திரும்ப வந்து முகர்ந்தது. அப்புறம் முன்னங்காலால் மண்ணைத் தட்டிவிட்டு, நெற்றியால் ஒரே முட்டு. குட்டி உருண்டு போய் விழுந்தது.

"என்னாச்சுங்க?" என்றேன்.

"குட்டி உழுந்ததும் தாய் நக்கோணுமுங்க. நக்கி நக்கித்தான் அந்த மோப்பத்தை மனசுல வச்சுக்கும். அது போச்சுன்னா, தன்ற வவுத்துல பொறந்துதுன்னே அதுக்குத் தெரியாதுங்க. இப்பப் பாருங்க, குட்டி மேல உங்க அத்தருதான் மணக்குது." அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பழனியம்மாள் உப்பைத் தண்ணீரில் கரைத்துக் குட்டியைத் துடைத்தார். மூளியின் சீம்பாலையே பீய்ச்சிக் குட்டியின் முதுகெல்லாம் தடவினார். இரண்டையும் ஒரு மூலையில் சேர்த்துக் கட்டினார்கள். நாயைப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். நாயைக் கண்டால் தாய்க்கு வீறாப்பு வந்து குட்டியைக் காப்பாற்ற முன்னே வந்து நிற்குமாம், அப்படியே ஒட்டிக்கொள்ளுமாம். மூளி முன்னே வந்து நாயை முறைத்தது. நாய் போனதும் குட்டியை முகர்ந்து, மறுபடி முட்டியது. பத்துத் தரம் துவைத்தாலும் போகாது. நான்தான் சொல்லியிருக்கிறேனே.

அதைவிடக் கொடுமை ஒன்று இருந்தது. மூளி கத்திக்கொண்டே இருந்தது. குட்டி விழுந்த மண்ணைப் போய்ப் போய் முகர்ந்தது. காலால் சீய்த்துப் பார்த்தது. அதன் குட்டி இரண்டடி தள்ளிக் கிடக்கிறது, அது மண்ணில் தேடுகிறது. என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

மூளியைப் பிடித்து ஊட்டப் பார்த்தார்கள், உதைத்துத் தள்ளியது. அதன் பாலைப் பீய்ச்சித் துணியில் நனைத்துப் பிழிந்தார்கள், குட்டிக்குச் சப்பத் தெரியவில்லை. ரப்பர் போட்ட பால்புட்டி இருந்தால் குடிக்கும் என்றார் பழனியம்மாள். நான் வாங்கி வருகிறேன் என்று கிளம்பினேன். செய்த பாவத்துக்கு அதாவது செய்ய வேண்டாமா?

உடுமலை மருந்துக் கடையில் ஒரு வயதான மனிதர் இருந்தார். புட்டியை எடுத்து வைத்துவிட்டு, ரப்பரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "கொழந்தைக்கு எத்தனை மாசமுங்க?" என்றார். "மாசத்துக்குத் தகுந்தாப்புல ஓட்டை சின்னது, பெருசு இருக்குதுங்க."

"இன்னைக்குக் காலைலதான் பொறந்துச்சு."

"அட! தாய்க்குப் பால் ஊறலீங்களா?"

"ஊறுது. தாய் சேத்துக்க மாட்டேங்குது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஆட்டுக்குட்டி என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார், நானும் சிரித்திருப்பேன். சொல்லவில்லை. சின்ன ஓட்டை ரப்பராகப் பார்த்து, காகிதத்தில் சுற்றி, "எல்லாம் சரியாயிருமுங்க, வெசனப்படாதீங்க" என்று கையில் வைத்தார். தெருவுக்கு வந்து ஒரு தூணுக்குப் பின்னால் நின்று அழுதேன். மார்கழி வெயிலில், நட்ட நடுப் பகலில், உடுமலைக் கடைவீதியில்.

திரும்பும்போது டவுன் பஸ் பாதி வழியில் பஞ்சர். மாற்று டயர் இல்லையாம். டிரைவர் பீடி பற்ற வைத்துக்கொண்டு வேப்ப மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். கண்டக்டரிடம் நான் போட்ட சத்தத்தில் அந்தப் பஸ் தானே நகர்ந்திருக்க வேண்டும். "ஏனுங் பாய், நானா ஆணி வச்சேன்?" என்றார் அவர், பாவம். புட்டியைச் சால்வைக்குள் வைத்துக்கொண்டு நடந்தேன். ஒரு மைல் போனதும், பால்கேன் கட்டிய மொபெட்டில் போன ஒருவர் நிறுத்தி ஏற்றிக்கொண்டார். இரண்டு கேனுக்கு நடுவில் நான். காற்று முகத்தில் அறைந்தது. "கெட்டியாப் புடிச்சுக்கோங்க" என்று கத்தினார். நான் புட்டியைத்தான் கெட்டியாகப் பிடித்திருந்தேன்.

குட்டி குடித்தது! முதலில் ரப்பரைக் கடித்தது, அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, வாலை ஆட்டிக்கொண்டு குடித்தது. அடுப்படிக்குப் பக்கத்தில் சாக்கு விரித்து, என் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பழனியம்மாள் எதிரே கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"கைப்பழக்கம் நல்லா இருக்குதுங்கண்ணா. ஊட்லயும் நீங்கதான் கொழந்தையை வச்சுக்குவீங்களாட்ட இருக்குது. பேரு என்ன வச்சீங்க?"

"சபீனா" என்றேன், ஏழாம் நாளுக்கு என்று நாங்கள் எடுத்து வைத்திருந்த பெயரை. அப்புறம் சொன்னேன். "ஆறு நாள்தானுங்க இருந்துச்சு."

அவர் கை நின்றது. கீரையைக் கீழே வைத்தார். நான் குட்டியைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மூச்சுத் திணறல், ஆஸ்பத்திரி, அடக்கம், துணி, சாத்திய கதவு. நேற்று 'இருக்காங்க' என்று சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டேன். அவர் என் மடியிலிருந்த குட்டியைத் தடவிக் கொடுத்தார். பிறகு கேட்டார், "அம்மணி பாலுக்கு என்ன பண்ணுச்சுங்க?"

"என்ன பாலு?"

"கொழந்தை போயிருச்சுன்னு மாருக்குத் தெரியுங்களா? அது பாட்டுக்குச் சுரந்து கட்டிக்கும். நெருப்பாட்டம் வலிக்கும். பீய்ச்சி மண்ணுல ஊத்தோணும். அது என்ன பாடு பட்டுச்சோ, அம்மணி."

எனக்குத் தெரியாது. அந்த நாட்களில் எனக்குக் கடை இருந்தது, பள்ளிவாசல் இருந்தது, வந்து துக்கம் விசாரித்த ஆட்கள் இருந்தார்கள். போத்தனூரில் என் மனைவி பாலைப் பீய்ச்சி ஊற்றியிருக்கிறாள். நான் அதைக் கேட்டதுமில்லை, நினைத்ததுமில்லை. படலுக்கு அந்தப் பக்கம் மூளி கத்தியது. அதன் மடியும் கனத்துக் கிடந்தது. செல்லமுத்து போய்க் குட்டிக்குப் பீய்ச்சி எடுத்து வந்தார்.

அன்று சாயங்காலம் அவரிடமும் பழனியம்மாளே சொல்லியிருக்க வேண்டும். அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நேத்தே சொல்லியிருக்கலாமுங்க" என்றார். அவ்வளவுதான். பெயரை மட்டும் ஒரு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். "சபீனா. நல்ல பேருங்க."

பிறந்த மூன்றாம் நாள் குட்டி எழுந்து நின்றது. நான்கு காலும் நான்கு பக்கம் போயின. விழுந்தது, எழுந்தது. என் பின்னாலேயே அடுப்படிக்கும் வாசலுக்கும் வந்தது. "பாயி, உங்களைத்தான் தாயின்னு நெனச்சுக்குச்சு" என்று செல்லமுத்து கிண்டல் செய்தார். வெயில் ஏறிப் புல் உலர்ந்ததும் மற்ற ஆடுகளைத் திறந்துவிட்டார்கள். அவை கொறங்காட்டில் தலை கவிழ்த்து நகர்ந்தன. நானும் குட்டியும் வேலி ஓரமாக வெயில் காய்ந்தோம். அன்றைக்கு நான் அத்தர் பூசவில்லை. சீசாவைப் பையின் அடியில் திணித்துவிட்டேன். இனிமேல் பூசாமல் என்ன பிரயோஜனம் என்றும் தெரியும்.

மத்தியானம் அரிசியும் பருப்பும் சேர்த்துப் பொங்கிய சாதம், மேலே நெய். அமிர்தம். கோட்டைமேட்டு பிரியாணிக்குப் பக்கத்தில் வைக்கலாம் என்றேன். பழனியம்மாள் அதை நம்பவில்லை. குட்டி வயிறு முட்டக் குடித்துவிட்டு, என் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கியது. தூக்கத்திலேயே கொஞ்சம் பால் கக்கியது. சட்டைத் தோளில் வழிந்து காய்ந்தது. அசைந்தால் எழுந்துவிடுமே என்று நான் துடைக்கவில்லை. பிழைத்துக்கொள்ளும் என்று நினைத்தேன். அல்லாவிடம் கேட்கவும் கேட்டேன். ஒரு ஆட்டுக்குட்டிக்காக நான் துஆ கேட்டது அதுதான் முதல் தடவை.

நான்காம் நாள் விடிந்தபோது பனி ரொம்பக் கடுமை. பிரம்பால் கூடை போலப் பின்னிய கொடாப்புக்குள், சாக்குக்கு மேலே குட்டியைப் படுக்க வைத்து மூடியிருந்தோம். பழனியம்மாள் தூக்கிப் பார்த்தார். விறைத்துக் கிடந்தது. தாய் நக்கி, தாய்ச்சூட்டில் கிடந்து, தாய் மடியில் குடித்த குட்டியாக இருந்தால் இந்தக் குளிரைத் தாங்கியிருக்கும். யாரும் அதைச் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். நான் வெளியே வந்து நின்று, கடவுளோடு சண்டை போடுகிற மாதிரி ஏதோ கத்தினேன். பனியில் ஆடுகள் பதிலுக்குக் கத்தின.

செல்லமுத்து மண்வெட்டி எடுத்துக்கொண்டு வேலி ஓரம் போனார். நானும் போய்க் குழி தோண்டினேன். ஒரு மாதத்துக்குள் இரண்டாவது குழி. இதுவும் சின்னதுதான்.

திரும்பி வந்ததும் பழனியம்மாள் வெந்நீர் காய வைத்திருந்தார். "தண்ணி வாத்துக்கோங்கண்ணா. அந்தச் சட்டையக் கழட்டிக் குடுங்க. தோளெல்லாம் ஒரே பால் கவிச்சி. அலசிப் போட்டா வெயிலுக்குக் காஞ்சுரும்."

கையை நீட்டினார். நான் ஒரு அடி பின்னால் போனேன்.

"வேண்டாங்க. அப்படியே இருக்கட்டும்."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. அப்படியே. மைமூன் சொல்லியனுப்பியதும் அந்த வார்த்தைதான். 'அப்படியே எடுத்துட்டு வரச் சொல்லுங்க.' குளிரில் நின்று நான் தோளைத் திருப்பி முகர்ந்து பார்த்தேன். புளித்த பால், கொஞ்சம் ஈர மயிர், ஏதோ ஒரு சூடு. அந்தக் குட்டி இந்த உலகத்தில் மிச்சம் வைத்துவிட்டுப் போனது அவ்வளவுதான். ஒரு வாளித் தண்ணீரும் ஒரு துண்டு சோப்பும் போதும், அதுவும் போய்விடும். கைவேலை சுத்தமாகச் செய்கிறவன் நான். என் பெண்ணிடமிருந்து மிச்சம் இருந்ததை நானே கசக்கிப் பிழிந்து, இஸ்திரி போட்டு, மல்லிகை வாசம் ஏற்றிக் கொண்டுபோய் அதன் தாயிடம் கொடுத்திருக்கிறேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு ஏன் பேசவில்லை என்று உள்ளுக்குள் குறைப்பட்டும் இருக்கிறேன்.

கிளம்பும்போது செல்லமுத்து அரிவாளைக் கையில் கொடுத்தார். "அந்த நூலை நீங்களே அறுத்துருங்க. எனக்கு மனசு வரலீங்க." கெடாவைப் பிடித்துக்கொண்டார். நான் சிவப்பு நூலை அறுத்தேன். அது தலையை உதறிவிட்டுப் பட்டிக்குள் ஓடி மற்றவற்றோடு கலந்தது. கொஞ்ச நேரத்தில் எது அது என்று தெரியவில்லை.

உடுமலையிலிருந்து வரும் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்த ஒருவர், இரண்டு நிமிஷத்தில் எழுந்து பின்னால் போய்விட்டார். என் வாழ்க்கையில் என் வாசத்துக்காக ஒருவர் இடம் மாறியது அன்றுதான். பொள்ளாச்சியில் டீ குடிக்கவும் இறங்கவில்லை. நேரே கடைக்குப் போக வேண்டியவன், போத்தனூர் பிரிவிலேயே இறங்கி நடந்தேன்.

மாமியார் கதவைத் திறந்து, மூக்கைச் சுளித்து, "என்ன மாப்ள இது கோலம்?" என்றார். அவருக்குப் பின்னால் மைமூன் வந்து நின்றாள். இளைத்துப் போயிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை, என் தோளைப் பார்த்தாள்.

"என்னங்க அது வாசம்?" என்றாள்.

பஸ்ஸில் நான் என்னென்னவோ சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். "ஆட்டுக்குட்டி" என்றேன். "மூணு நாளு இருந்துச்சு. நான் அத்தர்க் கையோட தூக்கிட்டேன், தாய் சேத்துக்கல. தோள்ல பால் கக்குச்சு. இன்னைக்குக் காலைல போயிருச்சு." அப்புறம், "அந்தத் துணிய நான் தொவச்சிருக்கக் கூடாது, மைமூன்" என்றேன்.

"நீங்க தூக்கிக் குடுக்கறப்பல்லாம் அவ மேல உங்க கடை வாசம்தாங்க அடிக்கும்" என்றாள். "அந்தத் துணில மட்டும்தான் அவ வாசம் இருந்துச்சு. எனக்கு இப்ப அது நெனப்பே வர மாட்டேங்குது. எவ்வளவு நெனச்சாலும் வர மாட்டேங்குதுங்க."

தலையைக் குனிந்துகொண்டேன்.

"சட்டையக் கழட்டுங்க" என்றாள்.

கழற்றிக் கொடுத்தேன். குழாய் முற்றத்தில் இருக்கிறது. அவள் அதைத் தாண்டி உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதே கதவு. அப்புறம் உள்ளேயிருந்து அழுகை வந்தது. அடக்கத்தன்றுகூட அழாதவள், வீடு அதிரும்படி அழுதாள். மாமியார் கதவைத் தட்ட ஓடினார். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். "அழட்டும் மாமி."

பனியனோடு முற்றத்தில் உட்கார்ந்திருந்தேன். ஸ்டேஷன் பக்கமிருந்து ரயில்கள் கூவிக்கொண்டு போயின. வெயில் சுவரில் ஏறி, பிறகு போய்விட்டது. குளிர் ஆரம்பித்தது. கதவு திறந்தபோது அவள் முகம் வீங்கியிருந்தது.

"பனியனோட ஒக்காந்திருக்கீங்களே, உள்ள வாங்க" என்றாள்.

போனேன். கம்பளி ஒன்று எடுத்துப் போர்த்தினாள். சட்டையை அவள் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.